விரலுக்குத் தக்க வீக்கம்: பெரிய திரைக் கைப்பேசியின் நிறையும் குறையும்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் கைப்பேசிக் கடையில் இப்பழமொழி செல்லுபடியாவதில்லை. "எத்தனை இன்ச்?" என்பதுதான் அங்கே முதற்கேள்வி. பெரிய திரை என்றால் பெரிய மதிப்பு என்ற எண்ணம் நம் எல்லோர் உள்ளத்திலும் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் சரிதானா? பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறுவர் கூடி ஆராய்ந்தவற்றை, இம்மலரின் வாயிலாகத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் அருட்சகோதரியர்க்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணம் ஒன்று உண்டு. எங்களுள் ஒருத்தி விடுதியில் தங்கிப் பயில்பவள். அவளுடைய அக்கா சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஓர் ஆலையில் பணிபுரிகிறார். அஞ்சல் வழியில் பட்டப்படிப்பும் படிக்கிறார். அம்மா திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் தனியே இருக்கிறார். ஒரு ஞாயிறன்று தங்கையைப் பார்க்க வந்த அக்கா, "ஏழு மாசமா பணம் சேத்து வச்சிருக்கேன். பெரிய டச் போன் ஒண்ணு வாங்கப் போறேன். என்கிட்ட இருக்குற சின்னதை அம்மாவுக்குக் கொடுத்துடலாம். என்னடி சொல்ற?" என்று கேட்டார். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன் மட்டுமே. தங்கையால் உடனே விடை கூற இயலவில்லை. மறுநாள் வகுப்பில் எங்களிடம் கூறினாள். அந்த ஒரு கேள்விதான் எங்களை அட்டையும் அளவுகோலும் எடுக்க வைத்தது.

நம் மண்ணும் கைப்பேசியும்

கைப்பேசியைப் பற்றிப் பேசுவதற்கு நம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம். இராமானுசர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர், இன்று தொழிற்சாலைகளின் ஊராகவும் விளங்குகிறது. ஒரகடத்தில் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதியிலோ கைப்பேசிகள் உருவாகின்றன. நாம் பள்ளிக்கு வரும் சாலையில் வரிசை வரிசையாகச் செல்லும் ஆலைப் பேருந்துகளைக் காணாத நாளே இல்லை. அவற்றில் அமர்ந்திருப்போருள் நம் அக்காமார்களும் உண்டு.

2006ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் தன் ஆலையைத் தொடங்கியது. அக்காலத்துக் கைப்பேசி உள்ளங்கைக்குள் அடங்கியது. அந்நிறுவனம் 2003இல் வெளியிட்ட 1100 என்ற போனை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். எடை 86 கிராம். தலையில் ஒரு டார்ச் விளக்கு. அந்தப் போனின் திரையில் குறுக்கே 96, நெடுக்கே 65 புள்ளிகள்தாம். மொத்தம் 6,240 புள்ளிகள். இன்றைய பெரிய போன் ஒன்றின் திரையில் குறுக்கே 1,080 புள்ளிகளும் நெடுக்கே 2,400 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் இருபத்தைந்து இலட்சத்துக்கும் மேல். அதாவது நானூறு மடங்குக்கும் அதிகம்!

2007ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்தது. பொத்தான்கள் மறைந்தன, முகப்பு முழுவதும் கண்ணாடியாயிற்று. அப்போது அதன் திரை மூன்றரை அங்குலமே. 2011இல் சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையுடன் கேலக்ஸி நோட் என்ற போனை எழுதுகோலோடு வெளியிட்டபோது, இதைக் காதில் வைத்துப் பேசுவதா என்று பலர் நகைத்தனர். நகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 2014இல் ஆப்பிளும் 5.5 அங்குலத் திரைக்கு வந்து சேர்ந்தது.

அதே 2014ஆம் ஆண்டில் நம் ஊரில் நடந்தது வேறு. டச் போன்களின் வருகையால் சந்தையை இழந்துவந்த நோக்கியா, தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் நாள் அதன் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். உலகின் விருப்பம் மாறும்போது அதன் அதிர்ச்சி நம் தெருவரையில் வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின்னர் நிலைமை மாறியது. 2019ஆம் ஆண்டு முதல் 6.1 அங்குலத் திரை கொண்ட ஐபோன் எக்ஸ்ஆர் இங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படலாயிற்று. அடுத்தடுத்த மாதிரிகளும் தொடர்ந்தன. அங்கே பணிபுரிவோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 பேருக்கு இடமளிக்கும் விடுதிக் கட்டடங்கள் 2024 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டன. அதே ஆண்டு சனவரியில், கைப்பேசியின் முகப்புக் கண்ணாடியைச் செய்யும் ஆலை ஒன்றைப் பிள்ளைப்பாக்கத்தில் அமைக்கவும் ஒப்பந்தமாயிற்று. ஆகவே திரையின் பெருமையும் சிறுமையும் நமக்கு வேற்றுப் பொருள் அல்ல.

அங்குலம் என்பது என்ன?

திரையின் அளவு என்று கடைக்காரர் கூறுவது அகலமும் அன்று, நீளமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள மூலைவிட்டம். இங்கேதான் நம் கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது. மூலைவிட்டமும் பக்கங்களின் விகிதமும் தெரிந்தால் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீள அகலங்களைக் கண்டுவிடலாம்.

நாங்கள் மூன்று அட்டைகளை வெட்டினோம். முதலாவது, 2007ஆம் ஆண்டின் மூன்றரை அங்குலத் திரை: அகலம் 4.9 செ.மீ., நீளம் 7.4 செ.மீ. இரண்டாவது, 2014ஆம் ஆண்டின் 5.5 அங்குலத் திரை: அகலம் 6.8 செ.மீ., நீளம் 12.2 செ.மீ. மூன்றாவது, இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் 6.7 அங்குலத் திரை: அகலம் 7 செ.மீ., நீளம் 15.5 செ.மீ.

இவ்வட்டைகள் எங்களுக்கு இரண்டு உண்மைகளைக் கற்பித்தன. முதலாவது, அங்குலம் இரு மடங்கு ஆகாதபோதே பரப்பு மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. மூன்றரை அங்குலத்தின் பரப்பு 36 சதுர செ.மீ. அளவே, 6.7 அங்குலத்தின் பரப்போ 108 சதுர செ.மீ. கடையில் "அரை இன்ச்தான் கூட" என்றால் அது சிறிய வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது.

இரண்டாவது உண்மை எங்களுக்கே வியப்பாக இருந்தது. 5.5 அங்குல அட்டையும் 6.7 அங்குல அட்டையும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றே! கூடியதெல்லாம் நீளம்தான். ஆகையால் கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது பெரிய போன் அடக்கமாகவே தோன்றுகிறது. வீட்டிற்கு வந்தபின்தான் மேல் மூலைக்குக் கட்டைவிரல் எட்டவில்லை என்பது தெரியவருகிறது. எங்கள் அறுவருள் ஒருத்திக்கு மட்டுமே ஒரு கையால் மேல் மூலையைத் தொட முடிந்தது. அவள் கூடைப்பந்து ஆடுபவள்!

நிறைகள்

பெரிய திரையின் முதற்பயன் படிப்பு. 2018 முதல் வந்த நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. அவற்றின் வழியே படங்களையும் விளக்கங்களையும் காணலாம். சிறிய திரையில் இதயத்தின் படத்தைக் கண்டால் பெயர்கள் தெரியா. பெயர்களைப் பெரிதாக்கினால் இதயம் தெரியாது. பெரிய திரையில் இரண்டும் ஒருங்கே தெரிகின்றன. கொரோனாவால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இதன் அருமையை நாம் எல்லோரும் உணர்ந்தோம். அப்போது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமியர். ஒரே சிறிய போனை அண்ணனும் தங்கையும் முறைவைத்துக் குனிந்து பார்த்த வீடுகள் எத்தனையோ!

இரண்டாவது பயன் நம் மொழியைச் சார்ந்தது. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. சிறிய திரையில் இரண்டு மூன்று சொற்களிலேயே ஒரு வரி முடிந்துவிடுகிறது; படிக்கும் ஓட்டம் அறுபடுகிறது. மேலும் புள்ளி உள்ள எழுத்துக்கும் இல்லாத எழுத்துக்கும், லகரத்துக்கும் வகரத்துக்கும் வேறுபாடு காண எழுத்து ஓரளவு பெரிதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது பயன் முதியோர்க்கு. நாற்பது வயதைக் கடந்தால் கண்ணின் வில்லை தன் நெகிழ்ச்சியை இழந்து வருகிறது, அருகிலுள்ளவை மங்குகின்றன. இதனையே நம்மவர் வெள்ளெழுத்து என்பர். பெரிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டால், மாத்திரை வாங்கும் சீட்டையும் மகளின் செய்தியையும் பிறர் உதவியின்றிப் படிக்கலாம். "யாராவது படிச்சுச் சொல்லுங்களேன்" என்று அண்டை வீட்டாரைக் கெஞ்ச வேண்டிய நிலை நீங்குவது சிறிய பயனா?

நான்காவது பயன் மின்கலம். உடல் பெரிதானால் உள்ளே இடம் கூடும். பெரிய மின்கலத்தை வைக்கலாம். இன்றைய பெரிய போன்கள் பலவற்றில் 5,000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள மின்கலம் இருக்கிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய நோக்கியா 1100இல் இருந்தது 850 மட்டுமே. அதுவோ பல நாள் தாங்கியது. பெரிய திரை தானே அந்த மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. வருமானம் பெருகியது போலவே செலவும் பெருகிற்று!

குறைகள்

முதலாவது எடை. 86 கிராமாக இருந்த போன், ஐபோன் எக்ஸ்ஆரில் 194 கிராம் ஆயிற்று. 2024இல் வந்த 6.9 அங்குல ஐபோன் 16 புரோ மேக்ஸ் 227 கிராம். படுத்தபடி ஒரு கையில் இதைத் தாங்கிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி நீட்டித் தடவினால், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரம் உள்ள தசைநாண்கள் நோகும். இரு கையாலும் பிடிப்பதே முறை. ஆனால் பேருந்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும்போது இரு கைக்கு எங்கே போவது?

இரண்டாவது உடைவு. கைப்பேசியின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அன்று. உருகிய பொட்டாசியம் உப்பில் அதனை முக்குகிறார்கள். கண்ணாடியிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அவ்விடத்தில் புகுந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நிரம்பி வழியும் பேருந்தில் மேலும் ஒருவர் ஏறியது போன்ற நெருக்கம் அது. அந்த நெருக்கமே மேற்பரப்புக்கு வலிமை தருகிறது. எனினும் ஓரங்களும் மூலைகளும் வலுக்குறைந்தவையே. அன்றியும், ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எடை கூடிய பொருளே அதிக ஆற்றலோடு தரையை மோதும் என்பது இயற்பியல். ஒரு கைக்கு அடங்காத பொருள் நழுவுவதும் எளிது. நழுவி விழுந்தபின் பெரிய திரையை மாற்றும் செலவு, ஒரு மாதச் சேமிப்பையே விழுங்கிவிடக்கூடும்.

மூன்றாவது குறையைப் பெரும்பாலும் ஆண்கள் நினைப்பதில்லை. நம் உடைகளில் பை இல்லை. இருந்தாலும் 15 செ.மீ. திரையை அது தாங்காது. ஆகவே பெரிய போன் கையிலேயே இருக்கிறது. இரவுப் பணி முடிந்து சாலையோரம் கையில் போனோடு நடந்து வருவது, இரு சக்கர வாகனத்தில் வரும் வழிப்பறிக்காரனை வா என்று அழைப்பதாகும். மேலும் பெரிய திரை நமக்கு மட்டும் பெரிதாகத் தெரிவதில்லை. பேருந்தில் பின்னால் நிற்பவருக்கும் பெரிதாகவே தெரிகிறது. வங்கியின் இரகசிய எண்ணும் குடும்பப் புகைப்படமும் ஊரார் பார்வைக்கு வந்துவிடுகின்றன.

நான்காவது நேரம். சிறிய திரையில் நெடுநேரம் படம் பார்த்தால் சலிக்கும். பெரிய திரையில் அச்சலிப்பு தோன்றுவதில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது தானே ஓடுகிறது. அரை மணி என்று எடுத்த போன் பதினொரு மணிக்குத்தான் கீழே வைக்கப்படுகிறது. பணிக்குச் செல்லும் அக்காவுக்கும் தேர்வெழுதும் தங்கைக்கும் இழப்பது உறக்கமே.

கண்ணைப் பற்றி ஒரு சொல்

பெரிய திரை கண்ணைக் கெடுக்கும் என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். கண்ணை வருத்துவது திரையின் அளவு அன்று. அருகில் வைத்துக்கொள்வதும் இமைக்காமல் நெடுநேரம் பார்ப்பதும்தான். உண்மையில் பெரிய திரையைச் சற்றுத் தள்ளிவைத்தே படிக்கலாம், அது நன்மையே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவிலுள்ள பொருளை, இருபது விநாடி பார்க்க வேண்டும் என்பது கண் மருத்துவர்கள் கூறும் எளிய விதி. நம் பள்ளி வேப்பமரத்தைப் பார்த்தாலும் போதும்! அன்றாடம் வெயில் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைகிறது என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்வது நலம்.

யாருக்கு எது?

நிறையையும் குறையையும் இரு பக்கமும் எழுதிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு எங்கள் கண்ணில் பட்டது. நிறைகள் எல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு; குறைகள் பெரும்பாலும் நடமாடுபவருக்கு. மேசைமேல் வைத்துப் படிப்பவருக்கும், திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளையின் முகம் காண்பவருக்கும் பெரிய திரை வரம். பேருந்தில் தொங்குபவருக்கும், பையில்லாத உடையில் பணிக்குச் செல்பவருக்கும் அது சுமை. ஆகவே எத்தனை அங்குலம் என்று கேட்கும் முன், எங்கே இருந்து, எதற்காக, யார் பயன்படுத்தப் போகிறார் என்று கேட்க வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது இதுவே.

உலகின் பெரிய நிறுவனங்களும் இச்சிக்கலை அறிந்தே இருக்கின்றன. 2019இல் சாம்சங் நிறுவனம் வெளியிட்ட மடக்குப் போன், விரித்தால் 7.3 அங்குலம், மடித்தால் கையடக்கம். நடக்கும்போது சிறிதாகவும் அமரும்போது பெரிதாகவும் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அது. ஆனால் மடக்குப் போன்களின் விலை, நம் போன்ற குடும்பங்களின் எட்டாக் கனி.

எங்கள் முடிவைச் சொல்ல அடுத்த ஞாயிறு அக்காவை எதிர்பார்த்திருந்தோம். வந்தார். அட்டைகளைக் காட்டினோம். "பணி நேரம் முழுதும் உங்கள் போன் எங்கே இருக்கும்?" என்று கேட்டோம். "லாக்கர்லதான். உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க" என்றார். "அம்மாவின் போன்?" என்றோம். "நாள் முழுக்க அவங்க கையிலதான்" என்றவர், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப பெரியது அம்மாவுக்குத்தான் போகணும். அவங்களுக்கு வெள்ளெழுத்து. நான் அனுப்புற படத்தைக்கூட அந்தப் பட்டன் போன்ல பார்க்க முடியாது. ஆனா என் பாடமெல்லாம் போன்லதானே படிக்கிறேன்? மே மாசம் பரீட்சை வருதே!" என்றார்.

அதற்கு எங்கள் அட்டைகளில் விடை இல்லை. இருவருக்குமே பெரிய திரை தேவை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. அங்கேயே அம்மாவுக்குப் போன் செய்தார் அக்கா. எல்லாவற்றையும் கேட்ட அந்தத் தாய், "எனக்கு என்னம்மா அவசரம்? நீ படிச்சு முடி. உன் குரல் கேட்டா போதும் எனக்கு" என்றாராம்.

இப்போது பெரிய போன் வாங்கியாயிற்று. அது விடுதி அறையின் மேசைமேல், புத்தகங்களின் மீது சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது, வெளியே வருவதில்லை. பணிக்குச் செல்லும்போது பழைய சிறிய போனே துணை. மே மாதத் தேர்வு முடிந்த மறுநாள் பெரிய போன் திண்டிவனம் பேருந்தில் ஏறும் என்பது ஏற்பாடு. எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, மகள்களின் முகத்தைத் திரையில் வரவழைப்பது எப்படி என்று அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தங்கை ஏற்றிருக்கிறாள். கோடை விடுமுறைக்கு அதுவே அவளுக்கு வீட்டுப்பாடம்.

தோழியரே! விரைவில் நம் வீடுகளிலும் இக்கேள்வி எழும். பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் கல்லூரிக்கோ பணிக்கோ செல்லும்போது, என்ன போன் வாங்கலாம் என்று தந்தையார் கேட்பார். அன்று கடைக்குப் போகுமுன் ஓர் அட்டையை வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். பின்பு, வீட்டில் யாருடைய கண்ணுக்கு அது முதலில் தேவை என்றும் எண்ணிப் பாருங்கள். அட்டைக்குச் செலவு ஏதுமில்லை.